துரைக்குக் கொண்டுபோன ஈயம்

திருடன் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். போய்விட்டு வந்து, சொன்னவன் சொன்னது சரிதானே என்று வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு இருந்திருப்பேன்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் ஈய எழுத்துக் கோத்தவன் நான். கலியாணக் கார்ட், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், கோயில் திருநாள் நோட்டீஸ் என்று அந்த வட்டாரத்து நல்லது கெட்டது எல்லாம் என் கையால் போயிருக்கிறது. தமிழ் எழுத்தில் முதலில் சாகிறது புள்ளிதான். ன், ம், ல் என்று எதை எடுத்தாலும், மெஷின் அடிக்கிற அடியில் ஆறு மாதத்தில் புள்ளி பறந்துவிடும். புள்ளி போன எழுத்தை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பெயரை அடித்தால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? அப்படி உடைந்ததையும் தேய்ந்ததையும் என் காலடியில் இருந்த ஒரு பிஸ்கட் டின்னில் போடுவோம். டின் நிறைந்தால் முதலாளி அதை மருதானைக்கு அனுப்பி உருக்கி வார்ப்பிப்பார். முதலாளி மருதானை முஸ்லிம் மனிதர். வாயில் சத்தம் அதிகம், கையில் சுத்தம் அதிகம். அந்த டின்னில்தான் நான் கை வைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒருநாள் ஐரோப்பியர் வழி வந்த ஒரு பறங்கித் துரை, தமக்கையின் மரணத்துக்கு வந்தவர்களுக்கு நன்றிக் கார்ட் அடிக்க வந்தார். மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களை நிர்வகித்து ஓய்வுபெற்று, ஹெவ்லொக் டவுனில் தனியாக இருந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் தோட்டத்துத் தமிழ். புரூஃப் வரும்வரை நின்றவர் குனிந்து டின்னுக்குள் இருந்து ஓர் எழுத்தை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இது நல்ல சாமான் மிஸ்டர். இதுல கொஞ்சம் கெடைச்சா நம்ம வீட்டுல ஒரு வேலை இருக்கு. ஞாயித்துக்கிழமை வாறீங்களா, காட்டுறேன்" என்றார்.

மிஸ்டர். அச்சகத்தில் என்னைக் கூப்பிடுவது "இஞ்ச வாங்க" என்று. வீட்டில் மனைவி கூப்பிடுவது "இந்தாங்க" என்று. மிஸ்டர் என்று ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காக நான் டின்னை மட்டுமல்ல, மெஷினையே கழற்றிக்கொண்டு போயிருப்பேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து போனேன். வீட்டின் பின்னால் கார் இல்லாத ஒரு கராஜ். மேசையில் ஒரு துவாயை விரித்து அவர் எடுத்து வைத்தது ஒரு பழைய இங்கிலீஷ் ரிவோல்வர். குழலின் வாய்க்குள் என் சுண்டுவிரல் போகும், அவ்வளவு பெரிது. வருடா வருடம் புதுப்பித்த லைசென்ஸை அவரே எடுத்துக் காட்டினார். அதற்கான தோட்டா கடைகளுக்கு வருவது நின்று எத்தனையோ வருடம். யுத்தம் தொடங்கிய பிறகு, கடையில் போய்க் கேட்பதே வில்லங்கம். அதனால் சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை எறியாமல் சேர்த்து வைத்து, முனையில் வைக்கும் ஈயச் சன்னத்தைத் தாமே வார்த்து, திரும்பத் திரும்பத் தோட்டாக் கட்டிக்கொண்டிருந்தார். வருடத்தில் இரண்டு தரம், மருமகனின் தென்னந்தோட்டத்தில் ஒரு மரக்குற்றியில் தகரத்தை அறைந்து, அதைக் குறிபார்த்துப் பன்னிரண்டு வெடி வைப்பார். அவ்வளவுதான். ஓர் அணிலுக்குக் கூட அதனால் ஆபத்து இருந்ததாக நான் அறியவில்லை.

"எதுக்கு துரை இவ்வளவு பாடு?" என்று ஒருதரம் கேட்டேன்.

"துவக்கும் மனுசனும் ஒண்ணுதான் மிஸ்டர். வேலை குடுக்காம வச்சா துரு புடிக்கும்" என்றார்.

பழைய தண்ணீர்க் குழாய் ஈயம் அவரிடம் நிறைய இருந்தது. அது மெத்தென்ற ஈயம். தனியாக வார்த்தால் அச்சின் மூலை முடுக்கெல்லாம் சரியாக நிரம்பாது. அதற்குள் எங்கள் எழுத்துகளில் ஒரு பிடி போட்டால் கூர்மையாக வரும். மண்ணெண்ணெய் அடுப்பில் இரும்புச் சட்டி, அதற்குள் வெள்ளியாக மின்னும் ஈயம். நான் எழுத்துகளைக் கரண்டியால் இறக்குவேன். எழுத்து கொஞ்சம் பாரம் குறைவு. அதனால் உடனே தாழாமல் ஒரு 'கூ'வோ 'ஞா'வோ சற்று நேரம் மேலே மிதக்கும், பிறகு ஓரம் கரைந்து காணாமல் போகும். அழுக்கைப் பிரிக்க ஒரு துண்டு மெழுகுதிரி போட வேண்டும். அந்த மெழுகுதிரித் துண்டுகளையும் நான்தான் கொண்டுபோனேன், எங்கள் கோயில் சுரூபத்தின் காலடியில் எரிந்து முடிந்தவை. யாரோ ஒரு தாய் கடலுக்குப் போன மகனுக்காகக் கொளுத்தியது. அதை எடுத்து வந்து சன்னம் வார்க்கிறோமே என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இடுக்கி மாதிரி இருந்த அச்சை மூடி, அகப்பையால் ஊற்றி, எண்ணிப் பார்த்துத் திறந்தால் கொழுத்த சாம்பல் நிறச் சன்னம் ஈரத்துணியில் தொப்பென்று விழும். அச்சு சூடேறும்வரை விழுகிறதெல்லாம் கிழவன் முகம் போலச் சுருங்கித்தான் இருக்கும், அவை திரும்பச் சட்டிக்குள். சுருக்கம் பார்த்துப் பொறுக்குவது என் வேலை. எழுத்துப் பார்த்த கண்ணல்லவா, ஒன்று தப்பாது. சன்னத்துக்குத் தேன்மெழுகு பூசுவதும் என் வேலை. வெடிமருந்தை மட்டும் அவர் தொடவிடமாட்டார். அதை நிறுத்து இடும்போது என்னைப் பேசவும் விடமாட்டார்.

ஒரு ஞாயிறு அதிமேதாவித்தனமாக இரண்டு பங்கு எழுத்துகளைப் போட்டுவிட்டேன். சன்னங்கள் பளபளவென்று வந்தன, மேசையில் போட்டால் கணீரென்றன. பாராட்டுக் கிடைக்கும் என்று நின்றேன். துரை ஒன்றைக் கீறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு கடுசு நம்ம கெழவனுக்கு ஒத்துக்காது மிஸ்டர். குழலைக் கெடுத்துப்புடும்." அத்தனையும் சட்டிக்குத் திரும்பிப் போயின. பிறகு இரண்டு பேரும் அவர் வராந்தாவில் சமமான கதிரைகளில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

அந்தக் கதிரைக்காகத்தான் நான் ஒரு வருடம் திருடினேன். ஒவ்வொரு கிழமையும் சாப்பாட்டுக் கேரியரின் அடித்தட்டில் ஒரு பிடி, இரண்டு பிடி. பாவசங்கீர்த்தனத்தில் கூட, "வேலையிடத்தில் சின்னச் சாமான் எடுத்தேன் சாமி" என்று சொல்லி மூன்று அருள் நிறை மந்திரத்தோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டேன்.

பிறகு நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி முளைத்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். என் மடியிலோ நிசமாகவே ஈயம். எனக்கு அடையாள அட்டையில் கொட்டாஞ்சேனை விலாசம், வாயில் தண்ணீர் மாதிரிச் சிங்களம். பிறந்ததே இங்கே என்பதால் எந்தப் பொலிஸ்காரனிடமும் "அய்யே" என்று அண்ணன் முறை சொல்லி ஆரம்பித்துச் சிரித்துக் கதைத்துத் தப்பிவிடுவேன். அப்படியிருந்தும் கேரியரோடு சாவடியைத் தாண்ட எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் நான் செய்ததுதான் இது.

எங்களோடு இன்னொரு கம்பொசிட்டர் இருந்தான். யாழ்ப்பாணத்துக்காரன், முப்பத்தைந்து வயது. மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்து, வெள்ளவத்தையில் ஓர் அறையில் நாலு பேரோடு தங்கியிருந்தான். நான் தம்பி என்பேன், அவன் அண்ணை என்பான். சிங்களத்தில் அவனுக்குத் தெரிந்தது ஆமென்பதும் இல்லையென்பதும் மட்டும். அவனுடைய அறையிலிருந்து குறுக்கு வீதியால் நடந்தால் துரையின் வீடு பதினைந்து நிமிடம்.

"தம்பி, உங்கட வழிதானே. இந்தப் பார்சல ஹெவ்லொக் டவுன்ல ஒரு துரை வீட்டில குடுத்திடுங்க. பழைய எழுத்து. கூரையில ஓட்டை அடைக்கக் கேட்டவர்" என்றேன்.

"முதலாளிக்குத் தெரியுமோ அண்ணை?"

"ஓம் ஓம், தெரியும்."

ஒரு நிமிடத்தில் இரண்டு பொய். அவன் பார்சலை வாங்கித் தன் பைக்குள் வைத்து, மேலே குடையை வைத்து மூடினான். மழை வரும் போல இருக்கிறது என்று ஏதோ சொன்னான்.

அடுத்த நாள் காலை அவன் வரவில்லை. பத்து மணிபோல சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் என் பார்சல். முதல் நாள் மாலை சாவடியில் தம்பியைப் பிடித்து வெள்ளவத்தைப் பொலிஸில் வைத்திருந்தார்கள். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி இருக்கிறது, இது என்ன இரகசிய மொழி என்று சிங்களத்தில் முதலாளியைக் கேட்டார்கள். முதலாளி முதலில் சிரித்துவிட்டார். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்து அடங்கி, பார்சலிலிருந்து சில எழுத்துகளை எடுத்து மை தடவித் தாளில் ஒற்றிக் காட்டினார். எழுத்து நேராக விழுந்தது. வந்தவர்கள் அதை ஆர்வத்தோடுதான் பார்த்தார்கள். ஆனால் அடுத்த கேள்வி சரியான கேள்வி. எழுத்து என்றால் அச்சகத்தில் அல்லவா இருக்க வேண்டும்? இவ்வளவு ஈயத்தை இவன் எங்கே கொண்டுபோகிறான், யார் கொடுத்தது?

"நான் குடுக்கல்ல" என்றார் முதலாளி. எங்கள் பக்கம் திரும்பினார். "ஆரு குடுத்த? தெரிஞ்சா செல்லுங்க. அந்த மனுசன் உள்ளுக்கு ஈக்கிறாரு."

நான் என் இடத்தில் நின்று ஒரு மரண அறிவித்தலைக் கோத்துக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை. நான்தான் என்று சொன்னால், எதற்கு என்று கேட்பார்கள். சன்னம் வார்க்க என்று சொல்ல வேண்டும். ஒரு தமிழன் சன்னம் வார்க்க ஈயம் கொடுத்தான் என்றால், அந்த நாட்களில் எந்தத் துவக்கு, யாருடைய லைசென்ஸ் என்று கேட்கப் பொறுமை யாருக்கு இருந்தது? எனக்கும் வீட்டில் பெண் பிள்ளைகள் மூன்று. நல்ல காரணம்தான். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

நான் வாயைத் திறக்கவில்லை. முதலாளி என்ன செய்வார், பாவம். "பழைய இரும்புக் கடைக்கு விக்க எடுத்திருப்பாரு. வேற கெட்ட எண்ணம் இல்லாத மனுசன்" என்று அவனுக்காகப் பரிந்து பேசினார். அந்தப் பரிவில் திருடன் பட்டம் என் தலையிலிருந்து இறங்கி அவன் தலையில் போய் உட்கார்ந்தது. நான் கோத்த மரண அறிவித்தலில் செத்தவரின் பெயரே பிழையாக இருந்தது என்று பின்னேரம் புரூஃப் பார்த்தவர் சொன்னார்.

முதலாளி ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார். இரண்டு தரம் பொலிஸுக்குப் போய்க் காத்திருந்துவிட்டுத் திரும்பினார். ஊரில் இருக்கும் மனைவிக்கு எப்படிச் செய்தி அனுப்புவது என்று என்னிடமே யோசனை கேட்டார். இப்போதைக்கு வேண்டாம், பயந்துவிடுவாள் என்று நான் பெரிய மனிதனாக யோசனை சொன்னேன். அந்த நாட்களில் என் குரலைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது. சாப்பாடு மட்டும் வழக்கம்போல இறங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் ஞாயிறு துரை வீட்டுக்கு நான் போகவில்லை. இரண்டாம் ஞாயிறு போனேன், இனி ஈயம் கிடைக்காது என்று சொல்லிவிட்டு வருவதற்காக. அவர் விடவில்லை. என் முகத்தைப் பார்த்து என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் கக்க வைத்தார். கேட்டு முடித்ததும் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருக்கலாம். அவர் எழுந்து உள்ளே போய் வெள்ளைக் காற்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்தார். ரிவோல்வரைத் துவாயில் சுற்றி ஒரு தோல் பையில் வைத்தார். சன்ன அச்சையும், கட்டி வைத்திருந்த தோட்டாக்களையும் அதற்குள்ளேயே போட்டார்.

"வாங்க மிஸ்டர், போவோம்."

"நீங்க முன்னால போங்க துரை. நான் பின்னால வாறன்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். மிஸ்டர் என்று சேர்க்கவில்லை. த்ரீவீலர் அவரை ஏற்றிக்கொண்டு பொலிஸ் பக்கம் திரும்பியது. நான் கொட்டாஞ்சேனை பஸ் எடுக்க மறுபக்கம் நடந்தேன்.

அந்த மனிதர் அங்கே போய், அச்சகத்தில் ஈயம் கேட்டது தாம்தான், தமக்காகத்தான் அது வந்தது என்று சொல்லியிருக்கிறார். ரிவோல்வரை மேசையில் வைத்துச் சன்னம் வார்க்கும் விதத்தையும் விளக்கியிருக்கிறார். என் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் ரிவோல்வரை வாங்கி வைத்துக்கொண்டு, நிலைமை சீரான பிறகு தருவோம் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்களாம். நிலைமை சீராக இன்னும் எத்தனையோ வருடம் எடுத்தது. துரை அதுவரை இருக்கவில்லை. அவருடைய செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மூன்று நாளில் தம்பியை விட்டார்கள். எல்லாமாகப் பதினாறு நாள். அடுத்த நாளே வேலைக்கு வந்துவிட்டான். மெலிந்திருந்தான், இடது கை விரல் இரண்டு சரியாக மடியவில்லை. முதலாளி அவனைக் கட்டிப் பிடித்து அழுதார். நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்த என் இடத்தில், அந்தக் காலை முழுக்க எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தேநீர் வேளையில் அவன்தான் என்னிடம் வந்தான். "அண்ணை, உங்கட பேரை நான் சொல்லேல்லை. ரோட்டிலை கிடந்து எடுத்தனான் எண்டுதான் சொன்னனான். நம்பேல்லை."

"ஏன் தம்பி சொல்லேல்ல?"

"சொன்னா உங்களையும் இழுத்துக்கொண்டு வருவாங்கள். மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் உங்களுக்கு." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "அடிச்சது கூடப் பரவாயில்லை அண்ணை. என்ன கேக்கிறாங்கள் எண்டுதான் விளங்கேல்லை. விளங்கினா ஏதும் மறுமொழி சொல்லலாம். ஓம் எண்டாலும் அடி, இல்லையெண்டாலும் அடி. சிங்களம் தெரிஞ்ச ஒராள் பக்கத்திலை இருந்தாக் காணும் எண்டு நினைச்சனான்."

நான் என் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"பிடிச்சதுக்கு அடுத்த நாள் பின்னேரம் வாசல்லை ஆரோ வந்து சிங்களத்திலை கதைச்சவர். கொட்டாஞ்சேனை பஸ் எங்கை நிக்கும் எண்டு கேட்டவர். உங்கடை குரல் மாதிரியே இருந்தது. அண்ணை வந்திட்டார் எண்டு நான் எழும்பி, சேட்டைக் காற்சட்டைக்குள்ளை விட்டு, தலையையும் கையாலை வாரிப்போட்டு நிண்டனான்."

இதை நான் மேலே எழுதாமல் தாண்டி வந்துவிட்டேன். அந்தப் பின்னேரம் வேலை முடிந்து நான் அந்தப் பொலிஸுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வாசலில் நின்ற கொன்ஸ்தாபிள், வயதில் சின்னவன், என்ன வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டான். நான் வாயைத் திறந்தேன், பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். அவன் கையைக் காட்டினான். நன்றி சொல்லிவிட்டு நடந்தேன்.

தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அது வேற ஆரோவா இருக்கும், தம்பி" என்றேன்.

"ஓம் அண்ணை. வேற ஆரோதான்" என்றான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.